நான் கூட்டி எழுதிய ஒரு இஞ்ச்

2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். வானத்தில் மேகம் கிடையாது. கடல்காற்று எழ இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும் போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடியில், ஐந்து பெண்கள் ஓர் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள். அந்தக் கட்டில் நான் வரைந்த ஸ்கெட்சிலிருந்து செய்தது. அதில் ஓர் அளவு பொய். பொய் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிளைவுட்டில் மேசை, நாற்காலி, கட்டில் என்று வரைந்து பிழைக்க வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருடம் வரைந்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். எந்தப் பசை நல்லது, எந்தப் பலகை ஊதாது என்பதெல்லாம் நீங்களே கைப்பேசியில் தேடிக்கொள்வீர்கள். முதல் ஸ்கெட்சைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் எதிரில் உட்காரும்போது காட்டுவதா மறைப்பதா என்று தோன்றுமே, அதற்குத்தான் எங்கும் பதில் கிடைக்காது.

காரணம் உங்களுக்கும் தெரியும். ஸ்கெட்சைக் காட்டாவிட்டால் வேலை கிடைக்காது. காட்டினால், அதைப் படம் பிடித்து இன்னொருவரிடம் கொடுத்துப் பாதி விலையில் செய்துகொள்வார்கள். நான் தொழில் கற்ற இடத்தில் என் முதலாளி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு முதல் ஸ்கெட்சிலும் ஒரே ஓர் அளவைத் தப்பாக எழுதுவார். வேலை நமக்கே வந்தால் பட்டறைக்குப் போகும் வரைபடத்தில் சரியான அளவு இருக்கும். திருடியவன் செய்தால் பலகை பலகையோடு சேராது. அவர் செய்து நான் ஒன்பது முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறை ஆள் அசடு வழியத் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் நானும் அதையே செய்ய ஆரம்பித்தேன்.

மதாம் மதலேன் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி, பிறகு இறந்துபோனார். அந்தப் பழக்கத்தில் ஆண்களை 'ஐயா' என்பதற்கு 'முசே' என்றுதான் கூப்பிடுவார். மகளும் மருமகனும் பிரான்சில். லாஸ்பேட்டையில் சும்மா கிடந்த வீட்டை வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியாக மாற்ற நினைத்தார். எட்டு அறை, அறைக்கு இரண்டு அடுக்குக் கட்டில், ஆக முப்பத்திரண்டு பேர். இரும்புக் கட்டில் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்றார். அது நியாயம். ஆனால் மாடிப்படியின் அகலம் இரண்டடி நாலு இஞ்ச். செய்துமுடித்த மரக்கட்டில் எதுவும் அந்தத் திருப்பத்தில் திரும்பாது.

பதினோரு ஸ்கெட்ச் போட்டேன். முதல் பத்தும் வழக்கமான கட்டில் மாதிரியே இருந்தன, படியேறாது. பதினோராவதுதான் சரியாக வந்தது. ஆணி கிடையாது, திருகு கிடையாது. எல்லாம் தட்டையான பலகைகள். ஒன்றிரண்டாகக் கையில் தூக்கிப் படியேற்றி, அறைக்குள் ஒன்றையொன்று கவ்வ வைத்து நிறுத்திவிடலாம். பென்சிலால் வரைந்து, பலகை ஓரத்தில் தெரியும் கோடுகளைக்கூடப் போட்டிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனேன்.

"டிசைனுக்கு எவ்வளவு முசே?"

"பதினஞ்சாயிரம்."

"பேப்பருக்கா?"

"பேப்பருக்கு இல்ல மதாம். கட்டிலுக்கு."

"கட்டில் எங்க இருக்கு? நான் பேப்பரத்தான பாக்குறேன்."

பிஸ்கோத்து சாப்பிட்ட கையைக் கழுவ உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, என் பக்கம் பார்க்க வைத்துவிட்டுப் போன தாள் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவருடைய கைப்பேசி மடியில் இருந்தது. நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. பொய் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

அந்தப் பொய்யை விளக்கிவிடுகிறேன். மேல்தட்டுக்கு நீளவாக்கில் இரண்டு பக்கப் பலகைகள். அவற்றின் மேல் குறுக்கே ஐந்து பலகைகள். மெத்தையையும் படுப்பவரையும் தாங்குவது இந்த ஐந்துதான். குறுக்குப் பலகை நாலு இஞ்ச் அகலம், செங்குத்தாக நிற்கும். அதன் இரண்டு முனையிலும் அடியில் ஒரு வெட்டு போட்டு, பக்கப் பலகையின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு இஞ்ச் வெட்டில் கவ்வி உட்கார வைக்க வேண்டும். தச்சர்கள் இந்த வெட்டைக் காடி என்பார்கள். குறுக்குப் பலகைக் காடியின் ஆழம் இரண்டு இஞ்ச் இருக்க வேண்டும். நான் மூன்று என்று எழுதினேன். மூன்று வெட்டினால் குறுக்குப் பலகைகள் ஒரு இஞ்ச் கீழே இறங்கிவிடும். பார்க்கிற எந்த ஆளும் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடுவான் என்பது என் கணக்கு.

நாலு நாள் கழித்து மதாம் தொலைபேசியில் பேசினார். "மருமவப்புள்ள பிரான்ஸ்ல இருந்தே டிசைன் அனுப்புறாராம் முசே. தப்பா நெனச்சுக்காதீங்க." நான் நினைத்துக்கொள்ளவில்லை. பத்து நாளில் திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தது விடுதித் திறப்பு மந்திரிப்புக்கு அழைப்பு. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, "நீங்க வராம இருக்கக் கூடாது" என்று கையைப் பிடித்துச் சொன்னார். அவருடைய தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அன்று பெந்தெகொஸ்தே திருநாள், பூசை நீண்டுவிட்டது. சாமியார் அறை அறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். பின்னால் நாங்கள் நாற்பது பேர் ஒரே படியில் வியர்த்துக்கொண்டு ஏறினோம். முதல் அறைக்குள் நுழைந்ததும் என் கட்டில் நின்றது.

முதலில் வந்தது கோபம்தான். அடுத்து வந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை: கட்டில் அழகாக இருந்தது. தாளில் மட்டும் பார்த்த ஒன்று அறைக்குள் நின்றால் யாருக்கும் அப்படித்தான். பலகை ஓரக் கோடுகள் நான் போட்ட மாதிரியே இருந்தன. அதற்கப்புறம்தான் மேல்தட்டைப் பார்த்தேன். ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது.

பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றார். பெயர் கலியபெருமாள். வில்லியனூர் பக்கம் ஊர்; அப்பா இன்னமும் நெல் வைக்கிறார். இவர் தட்டாஞ்சாவடியில் பலகை வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றைக் கடனில் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அலமாரிக் கதவுகளாக வெட்டிக்கொண்டிருந்தவருக்கு இது முதல் பெரிய ஆர்டர். வந்தவர்கள் எல்லோருக்கும் கட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார். ஒரு ஆணி இல்ல. பிரான்ஸ் டிசைன்."

"அப்படியா."

"இத கவனிச்சீங்களா? மெத்த நழுவாம இருக்க ஒரு இஞ்ச் பள்ளம் குடுத்திருக்கான். நம்மாளுக்கு இதெல்லாம் தோணுமா? வெள்ளக்காரன் மூள மூளதான் சார்."

என் முதலாளியின் வழியில் ஒரு பாதியைத்தான் நான் கற்றிருந்தேன் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அவர் பொய் எழுதிய இடமெல்லாம் பலகை உள்ளேயே நுழையாத இடம். "பொய் பட்டறையிலயே மாட்டிக்கணும்யா, வீட்டுக்குப் போயிடக் கூடாது" என்று சொல்லியும் இருக்கிறார். என் பொய்யோ ஒழுங்காகப் பொருந்தி, பாலிஷ் போட்டுக்கொண்டு, தீர்த்தமும் வாங்கிக்கொண்டு நின்றது. இரண்டு இஞ்ச் கனம் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு இஞ்ச் தாங்கிக்கொண்டிருந்தது.

ஒருவர் சும்மா படுத்தால் தாங்கும். அந்த நேரம் பார்த்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை பார்க்கும் ஷர்மிளா என்ற பெண், "மதாம், மேல ஏறி குரூப் போட்டோ எடுத்துக்கறோம்" என்றாள். சாமியார் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஐந்து பெண்கள். ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்தாலும் இருநூற்றைம்பது. அவர்கள் அசையாமல் உட்காரப் போவதில்லை. ஏறுவார்கள், நகர்வார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சாய்வார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மதாம் திருடியதும் வெளியே வரும், நான் பொய் எழுதியதும் வெளியே வரும். நாற்பது பேர், எல்லோரும் தெரிந்தவர்கள். ஆகவே நான் இன்னொரு பொய்யில் இறங்கினேன்.

"ஏறாதீங்கம்மா. பாலிஷ் இன்னும் காயல."

கலியபெருமாளுக்குச் சுருக்கென்றது. "இன்னா சார் இப்படி சொல்றீங்க? போட்டு ஒம்போது நாளாச்சு." கையால் தேய்த்து உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார். ஒரு பெண் அதற்குள் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபேன் தலையில அடிக்கும்" என்றேன்.

"ஆஃப் பண்ணிட்டேன் அங்கிள்" என்று சுவிட்ச் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அடுத்தவள் ஏணியில் இரண்டாவது படியில் கால் வைத்தாள்.

கெட்டிக்காரத்தனமாக யோசித்ததில் இரண்டு பெண்கள் உயரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது காரணம் ஒன்றும் வாயில் வந்து நின்றது. சன்னல் பக்கம் வெளிச்சம் போதாது என்று சொல்லப் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்கம்மா. இந்தக் கட்டில வரைஞ்சவன் நான். காடி ரெண்டு இஞ்ச் இருக்கணும். மூணுன்னு பொய்யா எழுதி வச்சேன். அஞ்சு பேரு ஏறினா ஒடையும்."

ஏணியில் நின்றவளும் மேலே இருந்தவளும் இறங்கினார்கள்.

"முசே, இது எங்க மருமவன்..." என்று ஆரம்பித்த மதாம் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

கலியபெருமாள் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொய்யான்னா? தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

"யாராவது திருடிச் செஞ்சா, செய்ய முடியாம போகட்டும்னு."

"நான் திருடுனனா சார்?"

ஸ்கெட்சைத் திருடுபவர் ஒருவர், அதைச் செய்பவர் ஒருவர், அதில் படுப்பவர் ஒருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள் என்பது எல்லாவற்றையும் எண்ணும் எனக்கு எண்ணத் தோன்றவில்லை. "இல்ல" என்று மட்டும் சொன்னேன். வேறு பெயர் எதையும் சொல்லவில்லை.

மதாம் கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். "போட்டோ புடிச்சது நான்தான் கலியபெருமாள். அவரு கை கழுவப் போனப்ப." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா நான் போட்டோதான் புடிச்சேன் முசே." பொய்யை எழுதியது நான் என்று அதற்கு அர்த்தம்.

கலியபெருமாள் நம்பவில்லை. கீழே சமையலறையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகளை ஏற்றச் சொன்னார். ஒன்று வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு, மூன்று. "பாத்தீங்களா சார்?" என்று நாலாவதைத் தலைக்கு மேல் தூக்கி நடுவில் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். நடுப் பலகை காடி மூலையில் கிழிந்து, மூட்டை ஒரு பக்கம் சாய்ந்தது.

"நாலாவது மூட்ட நீதான்டி" என்றாள் ஷர்மிளா, பக்கத்திலிருந்தவளிடம்.

"போடி, நீ அஞ்சும் ஆறும்."

அவர்கள் சிரித்தார்கள். கலியபெருமாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "பதினாறு கட்டிலும் நான் போட்டதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன் சார். ஒடஞ்சிருந்தா உங்க பேரா வந்திருக்கும்? மருமவப்புள்ள பேரா வந்திருக்கும்?"

யார் மீது எவ்வளவு தப்பு என்று பிரிக்க அது நல்ல வேளை இல்லை. கீழே பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. மறுநாள் முதல் வேலைக்குப் போகிற பெண்கள் பெட்டிகளோடு வந்து நிற்கிறார்கள். கட்டில் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை, மேல்தட்டுக் குறுக்குப் பலகைகளை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். பதினாறு கட்டிலுக்கு எண்பது பலகை. பலகையும் கூலியும் என் பொறுப்பு, மெஷின் அவர் பொறுப்பு. அதுவரை பெண்கள் கீழ்த்தட்டிலும் தரையில் போட்ட மெத்தையிலும் படுக்கட்டும் என்றேன். கீழ்த்தட்டின் அடியில் கட்டைகள் கொடுத்திருந்ததால் அதைப் பற்றிக் கவலையில்லை. சண்டையை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தோம். வியாழக்கிழமை வந்தபோது போடுவதற்கு அவ்வளவு சண்டை மிச்சமில்லை.

திங்கட்கிழமை நல்ல பலகையாக நாலு ஷீட் வாங்கி மெஷினில் ஏற்றினோம். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காடியையும் அளந்தேன், மொத்தம் நூற்றறுபது. நூறைத் தாண்டியதும் கலியபெருமாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், மெஷினு பொய் சொல்லாது. எழுதிக் குடுக்கறவங்கதான்."

"சரி, நீ வெட்டு" என்றேன். அளப்பதை நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை எல்லாம் பூட்டி முடிந்தது. மேல்தட்டு பக்கப் பலகையோடு சமமாக, நான் முதலில் நினைத்தபடியே நின்றது. ஷர்மிளா ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அங்கிள், மெத்த நழுவுது."

உண்மைதான், நழுவியது. பள்ளம் இருந்தபோது நழுவவில்லை. கலியபெருமாள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதான் வெள்ளக்காரன் மூளன்னேன்" என்றார். பதினாறு கட்டிலுக்கும் சுற்றி ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஓரப்பட்டை அடித்தோம். ஆணி இல்லாத கட்டில் என்ற பெருமை அதோடு போயிற்று. அதற்குப் பின் நான் வரைந்த அடுக்குக் கட்டில் எல்லாவற்றிலும் பக்கப் பலகையை ஒரு இஞ்ச் உயர்த்தியே வரைந்தேன். அது என் யோசனை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு முதல் ஸ்கெட்சில் பொய் எழுதுவதை விட்டேன். திருட்டுப் பயம் போய்விடவில்லை; இப்போது நீங்கள் அனுப்பும் பிடிஎஃப்-ஐ நினைத்தாலும் எனக்குப் பயம் வருகிறது. பயமாக இருந்தால் அளவை எழுதாமல் விடுங்கள். காலியாக இருக்கும் இடத்தைப் பார்ப்பவன் யாரிடமாவது கேட்பான். எண்ணைப் பார்ப்பவன் கேட்க மாட்டான், வெட்டிவிடுவான். உங்கள் ஸ்கெட்ச் யார் கைக்குப் போனாலும் கடைசியில் அதன் மேல் ஏறிப் படுப்பவர் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்திருக்க மாட்டார்.

ஓரப்பட்டை அடித்து முடித்த பிறகு படம் எடுப்பது பாக்கி இருந்தது. பெண்கள் ஏறவில்லை. "மொதல்ல நீங்க ஏறுங்க அங்கிள்" என்றார்கள். மதாம் அதை ஆமோதித்தார். கலியபெருமாள் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கி ஏணியும் ஆடியது. நான் ஏறினேன். மூன்றாவது படியில் கால்சட்டை கிழிந்தது. பின்னாலேயே ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். கட்டில் ஒரு முனகல்கூட முனகவில்லை. படத்தில் நான் நடுவில், கிழிசலை மறைக்கத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

கிளம்பும்போது மதாம் ஒரு கவர் கொடுத்தார். ஏழாயிரத்து ஐந்நூறு இருந்தது.

"பாதிதான் இருக்கு மதாம்."

"பொய்க்குப் பாதி கழிச்சுட்டேன் முசே."

வாங்கிக்கொண்டேன். பலகை, ஓரப்பட்டை, வண்டிச் சத்தம், இரண்டு ஆட்களின் கூலி, கால்சட்டை தைத்த எழுபது ரூபாய் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரத்துப் பத்து ரூபாய் ஆகியிருந்தது. மதாம் தந்தது போக, அந்த ஒரு இஞ்சுக்கு நான் கொடுத்தது பதினாலாயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.